ஆளில்லாத எண்

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நாலு மணி இருக்கும். கிடங்குகள் மட்டுமே உள்ள சாலை... ஒரு நாய்கூட இல்லை.

"பேய்க் கதைன்னுட்டு பட்டப்பகல்ல ஆரம்பிக்கிறீங்களே?"

"ஏன், பகல்ல செத்தவன் பகல்ல வரக்கூடாதா? போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுக் கேளு."

என் சிநேகிதனின் அக்கா வீட்டுக்காரர்... அத்தான் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சாலையில் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். பழைய கணினியில் இருப்பதையெல்லாம் புதியதற்கு மாற்றும் வேலை. வாரக்கணக்கில் அவருக்கு ஞாயிறே கிடையாது. அன்றைக்காவது பொழுது சாயுமுன் வந்து சைக்கிள் ஓட்டக் கற்றுத்தருகிறேன் என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

பழைய கணினிக்கு ஆட்களின் பெயர் தெரியாது. ஆளுக்கோர் எண், அவ்வளவுதான். புதியதற்குப் பெயர் வேண்டும். இந்த எண்தான் இன்னார் என்று அத்தான் பொருத்திக் கொடுக்க வேண்டும். பொருத்திவிட்டால் அந்த எண்ணும் இந்தப் பெயரும் ஒரே ஆள். கோப்போ கதவோ, அவனுடையது இவனுக்குத் திறக்கும், இவனுடையது அவனுக்கும் திறக்கும்.

எல்லாம் முடிந்து ஓர் எண் மட்டும் மிச்சம். நாற்காலியிலேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்த கணக்கருடையது. அலுவலகப் பட்டியலில் பெயரை அழித்துவிட்டார்கள், எண் மட்டும் அவருடைய கோப்புகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாருக்குக் கொடுப்பது என்று கேட்டால், மேலாளர் போனை எடுக்கவில்லை. அத்தானுக்குக் கண் சொருகியது. அலுப்பு, சாமி, அப்படியொரு அலுப்பு! அந்த எண்ணுக்கு நேரே தன் பெயரையே போட்டார். இந்த வேலையில் இருப்பவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்...

பக்கத்து அறையில் அந்தக் கணக்கரின் நாற்காலி நகர்ந்தது. க்ரீச்... ஒரு பெருமூச்சு. தலைவலித் தைல வாசனை. செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போயிற்று. பூட்டு டக்கென்று திறந்தது. அத்தானின் அட்டைக்கு மட்டும் திறக்கிற பூட்டு. அட்டையோ அவர் சட்டைப்பையில்.

பயப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டார். மகள்தான் எடுத்தாள். மூச்சு வாங்கினாள்.

"கண்ணு, அப்பா கிளம்பிட்டேன்டா."

"யாரு பேசுறீங்க? எங்கப்பா இங்கதான் இருக்காங்க. சைக்கிளைப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க."

பின்னால் அக்கா சிரிப்பது கேட்டது.

"ஐயோ! அப்புறம் அத்தான் வீட்டுக்குப் போனாரா இல்லையா?"

"அத்தானா? வீட்டுலதான் இருக்காரு."

போன வாரம்கூட என் சிநேகிதன் அங்கே சாப்பிட்டான். அத்தான் இப்போது நேரத்துக்கு வீடு வருகிறார். ஞாயிறு லீவு. அக்காவுக்கு ஒரு குறையுமில்லை.

சாப்பிட்டுவிட்டு அவன் பஸ்ஸுக்கு நின்றபோது, முன்பின் தெரியாத ஓர் ஆள் பக்கத்தில் வந்து நின்றார். தூங்கியே பல நாள் ஆனவர் போல இருந்தார். இந்தக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னவர் அவர்தான். பஸ் வந்தது. இவன் ஏறப்போகும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான்... பாப்பா இப்ப யாரும் பிடிக்காமலே ஓட்டுறாளா?"