ஏழிதழ்ப் பூ

ஸ்மிதா: ...மொத்தம் நூத்தி நாப்பது பூ, அங்கிள். அந்தப் பழைய ரயில் சலூன் பெட்டியோட உள்கூரை முழுக்க. எல்லாத்துக்கும் எட்டு இதழ். மூலையில ஒண்ணுக்கு மட்டும் ஏழு.

செல்லப்பா: எண்ணிட்டியாம்மா... கழுத்து வலிக்கல?

ஸ்மிதா: படுத்துக்கிட்டு எண்ணினேன். பழைய அலங்கார வேலைப்பாடுதானே என் ஆராய்ச்சி.

வசந்தகுமாரி: ஏழு இதழ்ல என்னம்மா ஆராய்ச்சி?

ஸ்மிதா: அதுலதான் சண்டையே, ஆன்ட்டி. பாரசீகத்துலேர்ந்து வந்த பூங்கறார் ஒருத்தர். கண்ணு படாம இருக்க வேணும்னே விட்ட குறைங்கறார் இன்னொருத்தர். நாப்பது பக்கம் எழுதியிருக்கார்.

வசந்தகுமாரி: ஒரு இதழுக்கா?

செல்லப்பா: வசந்தா, நீ போய் டீ போடு.

வசந்தகுமாரி: இந்தப் பொண்ணைக் கேட்டேனே, நக்கோ, வேணாம்னுடுச்சு. அந்த நாப்பது பக்கத்துல வேற என்ன இருக்கு?

ஸ்மிதா: மத்ததெல்லாம் பூ வெட்டின தகட்டை வச்சுப் போட்ட பூ, இது பாத்துப் பாத்துப் போட்ட பூ... போட்ட கை வேற கைங்கறார்.

வசந்தகுமாரி: ஹவ்... அப்படியா எழுதியிருக்கார்?

செல்லப்பா: வசந்தா.

ஸ்மிதா: எண்பத்தி மூணுல கூரை ஒழுகி, அந்த மூலையைச் சரி பண்ணியிருக்காங்க. ரிஜிஸ்டர்ல கோச் பெயின்டர் செல்லப்பான்னு இருக்கு. நீங்கதான் போட்டீங்களா, அங்கிள்?

செல்லப்பா: ...என் பேர் இருந்தா நான்தானே.

ஸ்மிதா: ஏன் ஏழு?

செல்லப்பா: இடம் பத்தல.

ஸ்மிதா: நாலு விரல் இடம் இருக்கு.

செல்லப்பா: நாப்பது வருஷம் ஆச்சும்மா... எதையாவது சொல்லப் போய், பென்ஷனை நிறுத்திட்டா?

ஸ்மிதா: மாட்டாங்க. ஆனா திங்கக்கிழமை என் கட்டுரை அச்சுக்குப் போகுது. நிஜமா போட்டவங்க பேர் தெரியலேன்னா தெரியலேன்னே போயிடும்.

வசந்தகுமாரி: நான் சொல்றேன்.

செல்லப்பா: வேணாம்...

வசந்தகுமாரி: எத்தனை நாளைக்கு? அப்ப இவருக்கு டைபாய்டு விட்ட நேரம்மா. ஏணியில ஏறினா தலை சுத்தும். திங்கக்கிழமை பெரிய ஆபீசர் வர்றாரு. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக் கேரியரோட நானும் வொர்க்‌ஷாப்புக்குள்ள போனேன். இவர் கீழ உக்காந்து கலர் கலக்கிக் குடுத்தார். நான் ஏணி மேல.

செல்லப்பா: வெளி ஆளை உள்ள விட்டேன்னு தெரிஞ்சிருந்தா வேலையே போயிருக்கும். அதான் வாயைத் திறக்கல.

ஸ்மிதா: தகடு இல்லையா?

வசந்தகுமாரி: கிடைக்கல. பக்கத்துப் பூவைப் பாத்துக் கையாலயே போட்டேன். பாரசீகமாவது ஒண்ணாவது... எட்டாவது இதழுக்கு பிரஷ்ஷைத் தொட்டேன், ஃபோர்மேன் செருப்புச் சத்தம். இறங்கி சீட்டுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். நல்லவேளை, அவர் பாக்கல. அப்படியே திரும்பிப் போயிட்டார்.

ஸ்மிதா: பாத்தார், ஆன்ட்டி. சீட்டுக்குக் கீழ புடவைத் தலைப்பு தெரிஞ்சுதாம்... ஃபோர்மேன் ராஜாராமன் என் அப்பா. அந்தப் பூவைப் போட்டவங்க பேர் மட்டும் அவருக்குத் தெரியல. கேட்டு எழுதுன்னு அவர்தான் அனுப்பினார்.