கால் தூக்கினால் கடைசிச் சுற்று

— மூணு தடவை தூக்கினேன் ஒடீல், மூணு தடவை! ஒருத்தனாவது நிறுத்தினானா?

— மெதுவா அண்ணே. கதவுக்கு அந்தப் பக்கம் பாட்டு கேக்க வந்த ஜனங்க பூரா உக்காந்திருக்காங்க.

— கேக்கட்டுமே. நாப்பது வருஷமா இந்த பேண்டுக்கு ஒரே சட்டம். நான் ஊதிக்கிட்டே இடது காலைத் தூக்கினா அதுதான் கடைசிச் சுற்று. வாயில டிரம்பெட்டை வச்சுக்கிட்டு வேற எப்படிச் சொல்றது? அந்தக் குளோவிஸ் என்னையே பாத்துக்கிட்டு கிளாரினெட்டை ஊதித் தள்றான், திமிரு புடிச்சவன்!

— பதினோரு சுற்று போச்சு. என் விரலெல்லாம் மரத்துப்போய், கடைசியில நான்தான் பியானோவை மூடினேன். ஜனங்க ஆடுற ஆட்டத்துல நீங்கதான் குஷியா இழுக்கிறீங்கன்னு நெனச்சோம்.

— குஷியா? பயந்து செத்துக்கிட்டிருந்தேன்டி. என்னைக் கழட்டி விடப்போறானுங்கன்னு தெரிஞ்சுபோச்சு. காலையிலேருந்து எனக்குத் தெரியாம கூடிக்கூடிப் பேசினீங்கல்ல?

— அட கடவுளே! அது உங்க பொறந்தநாளுக்கு கம்போ குழம்பு வைக்கிற பேச்சு. நண்டு போடணும்னு நானு, எறா போதும்னு குளோவிஸு.

— அப்ப ஏன் என் காலை ஒருத்தரும் மதிக்கல? நியூ ஆர்லியன்ஸ்ல டிரம்பெட்காரன் காலுக்கு மரியாதை போச்சுன்னா அவன் வீட்டோட கெடக்க வேண்டியதுதான். இந்த பேண்டை விட்டா எனக்கு என்ன இருக்கு, சொல்லு.

— அண்ணே, கோச்சுக்காதீங்க. நான் உங்களுக்கு நேர் எதிர்லதான் உக்காந்திருந்தேன். நீங்க காலைத் தூக்கவே இல்ல.

— நீயும் அவனுங்களோட சேந்துட்டியா?

— ஐயய்யோ, காபி! சட்டையெல்லாம் ஊத்துது, கப்பை நேராப் புடிங்க.

— எங்க ஊத்துது?

— இடது பக்கம் பூரா. இப்பத்தானே கொதிக்கக் கொதிக்கக் குடுத்தேன். சுடலையா?

— இல்லையே.

— அண்ணே... என்னைப் பாருங்க. கொஞ்சம் சிரிங்க.

— சிரிக்கிற நேரமாடி இது?

— சிரிங்கன்னா சிரிங்க! ... ஏசுவே, என் ஏசுவே.

— என்னடி? ஏன் இப்படி முழிக்கிற?

— வாய் ஒரு பக்கமாக் கோணுது. எங்க அப்பாவுக்கு ஆன மாதிரியே. அப்ப என் தோள்ல சாஞ்சுக்கிட்டே உள்ள வந்தீங்களே, கோவத்துல தள்ளாடுறீங்கன்னு விட்டுட்டேனே பாவி! குளோவிஸ்! டேய் குளோவிஸ், ஓடி வா!

— என்னக்கா? அங்க மேடை காலியாக் கெடக்கு, கைதட்டிக் கூப்புடறாங்க, அடுத்த பாட்டுக்கு...

— பாட்டாவது மண்ணாங்கட்டியாவது! ஆம்புலன்சைக் கூப்புடு. அண்ணனுக்குப் பக்கவாதம் அடிச்சிருக்கு.

— இரு குளோவிஸ். இவ பயந்தாங்கொள்ளி. நீயே பாத்துச் சொல்லு. இதோ, தூக்குறேன். தெரியுதா?

— அல்சீட் அண்ணே...

— தெரியுதான்னு கேட்டேன்!

— ஷூ தரையிலேயேதான் இருக்குண்ணே.

— பொய் சொல்லாதடா. முட்டி உயரத்துக்குத் தூக்கியிருக்கேன்.

— நீ போன் பண்ணுடா, நிக்காத! அண்ணே, என் கையை இறுக்கிப் புடிங்க. இந்தக் கை இல்ல, இடது கை.

— புடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன். ஒடீல், காலும் தூக்கியாச்சு, நீ பியானோவும் மூடியாச்சு. அப்புறம் ஏன் பாட்டு இன்னும் நிக்க மாட்டேங்குது?