மூணு மணிக்கு முன்னால

— மூணு மணி ஆயிடுத்துன்னா இந்த லாப்டாப்பை மூடிடுவேன், லதீஃபா. அப்புறம் எந்த மகாராஜா கூப்பிட்டாலும் எடுக்கமாட்டேன். அதாக்கும் இந்த ஜோலியோட சுகம். பதினாலு வருஷம் பாங்க்ல எச்.ஆர்.ல இருந்தேன், சாயங்கால வெயிலைக் கண்ணால பார்த்ததில்லை. சாயா எடுத்துக்கோங்கோ, ஆறிடப்போறது.

— குடிக்கிறேன் சேச்சி. வேலை என்னன்னு முதல்லேருந்து சொல்லுங்க. என் பி.எஃப். மொத்தத்தையும் இதுலதான் போடப்போறேன்.

— சொல்றேன். ஒரு கம்பெனிக்காரா ஆளை எடுக்கறதுக்கு முன்னாடி, அவன் யாரு, விலாசம் சரியா, போலீஸ் கேஸ் உண்டா, அக்கம்பக்கத்துல என்ன பேர்னு விசாரிக்கணும். அதுக்கு ஒரு ஏஜென்சி. அந்த ஏஜென்சிக்கு மட்டாஞ்சேரி, போர்ட் கொச்சி ரெண்டுக்கும் நான் பிரான்சைஸ். ஃபைல் வரும். நான் பச்சை போட்டா அவனுக்கு வேலை உண்டு, சிவப்பு போட்டா கிடையாது. அவ்வளவுதான்.

— வீட்டுக்கு நேர்ல போகணுமா?

— விதிப்படி போகணும். பக்கத்து வீடு ரெண்டுல கேட்டு எழுதணும். வாசல்ல நின்னு ஒரு போட்டோ எடுக்கணும்.

— நீங்க போவீங்களா?

— ஆரம்பத்துல எல்லா இடத்துக்கும் போனேன். கால் வீங்கித்து. அப்புறம்தான் இதோட சூட்சுமம் பிடிபட்டுது. இந்தச் சந்துகள்ல பாதிப்பேரை எனக்குத் தெரியும், கேட்டேளா. தெரிஞ்சவான்னா போன்லயே முடிச்சுடுவேன். போட்டோவை அவாளையே எடுத்து அனுப்பச் சொல்லுவேன். பக்கத்து வீட்டுக்காரா சொன்னதா நானே ரெண்டு வரி எழுதிடுவேன். ரெண்டும் ஒரேமாதிரி இருக்கப்படாது, ஹெட் ஆபீஸ்ல பிடிச்சுடுவா. இதெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தரேன்.

— மிச்சமாகுற நேரத்துல என்ன செய்வீங்க?

— வேறென்ன, அதிதிதான். என் பொண்ணு, ரெண்டாம் கிளாஸ். மூணேகாலுக்கு ஸ்கூல் விடறப்போ கேட்டுல நான் நிக்கணும். வேன்ல அனுப்பற வழக்கமே கிடையாது. யாருன்னே தெரியாதவன் கையில குழந்தையைக் குடுப்பாளா யாராவது?

— குடுப்பாங்க சேச்சி. ஏழு மணி வரைக்கும் ஆபீஸ் இருந்தா குடுப்பாங்க.

— நான் குத்தமாச் சொல்லலை. உங்களுக்கும் குழந்தை உண்டோ?

— ஒரே மக. நாலு வயசு.

— அப்ப உங்களுக்குன்னே உண்டாக்கின ஜோலியாக்கும் இது. அதுக்குத்தானே கம்பெனியை விட்டேள்?

— ஆமா. அவளாலதான் விட்டேன்.

— பின்னே எதுக்கு யோசனை. ஃபாரமெல்லாம் எடுத்து வச்சிருக்கேன். இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடுங்கோ, நாளைக்கே உங்க பேருக்கு மாத்திடுவா.

— இவ்வளவு சுகமா இருக்குன்னா, நீங்க ஏன் விடுறீங்க?

— சொன்னேனே. ஆத்துக்காரருக்கு கோயம்புத்தூருக்கு மாற்றல்.

— கீழ சுக்குக் கிடங்குல கேட்டேன். உங்க வீட்டுக்காரர் சங்கர்ராம் சாருக்கு மாற்றலும் இல்ல ஒண்ணும் இல்லன்னாங்க. எதிர்த்த தையல் கடையிலயும் அதையேதான் சொன்னாங்க. அக்கம்பக்கத்துல ரெண்டு இடத்துல கேக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க.

— இந்த ஜோலிக்கு நீங்க நன்னா வருவேள்.

— உள்ளதைச் சொல்லுங்க சேச்சி. சொன்னா கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா இப்பவே எறங்கிப் போயிடுறேன்.

— உக்காருங்கோ. இதுவரைக்கும் மூணு பேர் வந்து பார்த்துட்டுப் போயிட்டா. நீங்களும் போயிட்டா என்னால இன்னொரு ஃபைலைத் தொறக்க முடியாது. சொன்னா இந்த நாலு சுவத்துக்குள்ள இருக்கணும்.

— நான் யார்ட்ட போய்ச் சொல்லப்போறேன்.

— ஒரு பையன். கிருஷ்ணபிரசாத்னு பேர். இங்கேருந்து மூணு சந்து தள்ளித்தான் அவா வீடு. அவன் அம்மாவும் நானும் வெள்ளிக்கிழமை ஒண்ணா பாராயணம் பண்றவா. காக்கநாட்டுல ஒரு கம்பெனி, அவா ஸ்டாஃபோட குழந்தைகளைப் பார்த்துக்கன்னு கிரெஷ் வச்சிருந்தா. மூணு மணிக்கு கிரெஷ் மூடும், வேன்ல குழந்தைகளை அவாவா ஆத்துல கொண்டுவிடுவா. அந்த வேனுக்கு டிரைவரா இவனை எடுக்கறதா இருந்தா. ஃபைல் எங்கிட்ட வந்தது.

— நீங்க போகலை.

— நடந்தா பத்து நிமிஷம். போகலை. பிறந்ததுலேருந்து அவனை எனக்குத் தெரியும். அதுக்கு முந்தின மாசம் உற்சவத்துல, பந்தியில பரிமாறிண்டு இருந்தவன் சாம்பார் வாளியோட பொத்துன்னு விழுந்தான். வாயில நுரை. கைகால் இழுத்துது. நான்தான் தலையைப் பிடிச்சிண்டேன்.

— வலிப்பு.

— அந்த வார்த்தையைச் சொல்லாதேள்னு அவன் அம்மா என் வாயைப் பொத்தினா. திருப்பூணித்துறையில பெண் பார்த்து, நிச்சயம் வரைக்கும் வந்திருந்தது. வெளியில தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும் மாமின்னு அழுதா. சொல்லமாட்டேன்னு அவ கையில அடிச்சு சத்தியம் பண்ணினேன்.

— ஃபைல் வந்தப்ப அது ஞாபகம் வரலையா?

— வராம எங்கே போகும். ஃபாரத்துல வியாதிக்குக் கட்டம் கிடையாது, லதீஃபா. கேஸ் உண்டா, குடி உண்டா, அவ்வளவுதான் கேப்பா. கேக்காததுக்கு நான் எதுக்குப் பதில் சொல்லணும்னு நினைச்சிண்டேன். பக்கத்து ஆத்துக்குப் போயிருந்தா அவா சொல்லியிருப்பா. சொல்லிட்டா நான் எழுதணும். அதனாலேயே போகலை.

— அவங்க சொன்னதா நீங்களே எழுதிட்டீங்க.

— ஒரு ஆத்துக்கு, பொறுமைசாலி, கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லைன்னு எழுதினேன். பொய் இல்லை கேட்டேளா, அவன் தங்கமான பிள்ளை.

— இன்னொரு வீட்டுக்கு?

— ஞாபகமில்லை. ஏதோ எழுதினேன்.

— அப்புறம்?

— பதினாறு நாள் ஓட்டினான். தோப்பும்படி பாலம் எறங்கறப்போ வேன் நேரே போய், நிறுத்தியிருந்த லாரியில ஏறிடுத்து. அவன் அங்கேயே முடிஞ்சான். பிரேக் போயிருக்கும்னு போலீஸ்ல எழுதி ஃபைலை மூடிட்டா. பிரேக் இல்லை. அது எனக்குத் தெரியும், அவன் அம்மாவுக்குத் தெரியும். இப்ப கோவில்ல எதிர்ல பார்த்தா ரெண்டுபேரும் முகத்தைத் திருப்பிண்டு போறோம்.

— குழந்தைங்க?

— நாலு குழந்தைக்கு எலும்பு முறிஞ்சுது. முன் சீட்டுல இருந்த குழந்தை போயிடுத்து.

— அது பேரென்ன?

— படிக்கலை. பேப்பர்ல போட்டோவோட வந்தது. அப்படியே மடிச்சு பழைய பேப்பரோட போட்டுட்டேன். பேர் தெரிஞ்சுட்டா பின்னே என்னால அதிதியைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியுமா? அந்தப் பேர்தான் வாயில வரும்.

— சரி.

— அப்படிப் பார்க்காதேள். எல்லாம் என் தலையிலதான்னு நினைச்சுடாதேள். அந்தக் கம்பெனியில ஒருத்தி இருந்தா. அட்மின் டெஸ்க்னுதான் மெயில் வரும், பேர்கூடப் போடமாட்டா. அன்னிக்கு ஒரே நாள்ல எட்டு மெயில். டிரைவர் இல்லாம வேன் நிக்கறது, மூணு மணிக்கு முன்னால பச்சை வரலேன்னா வேற ஏஜென்சியைப் பார்த்துக்கறோம்னு கழுத்துல கத்தி. பெத்தவளா இருந்தா அப்படி அவசரப்படுவாளா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நேர்ல போனேளான்னு எங்கிட்ட கேட்டிருப்பா. கேட்டிருந்தா நான் போயிருப்பேன். பாவத்துல பாதி அவளுக்குத்தான்.

— ஏழு.

— என்னது?

— எட்டு இல்ல சேச்சி, ஏழு மெயில். கடைசி மெயில் ரெண்டே முக்காலுக்கு. அஞ்சே நிமிஷத்துல நீங்க பச்சை போட்டீங்க.

— அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அனுப்பினது நான்தான். பதினோரு வருஷம் அந்த டெஸ்க்ல இருந்தேன். நேர்ல போனீங்களான்னு கேக்கலை. அதுவும் சரிதான்.

— ஈஸ்வரா. அப்ப பிரான்சைஸ் வாங்கவே நீங்க வரலையா?

— பிரேக்குன்னு சொன்னதை என்னால நம்ப முடியலை. ரிப்போர்ட்டுல திரிபுரசுந்தரின்னு உங்க பேர் இருந்துச்சு. வந்தேன்.

— போலீஸ்ல சொல்லப்போறேளா?

— உங்க போன்ல அலாரம் அடிக்குது. அதிதிக்கு நேரமாச்சு. எந்திரிங்க.

— இருங்கோ. என்னை மட்டும் கூண்டுல நிறுத்திட்டு நீங்க கையை உதறிண்டு போக முடியாது. அவசரப்படுத்தினது யாரு? ஊரார் குழந்தைன்னா நமக்கு ரெண்டுபேருக்கும் ஒரு ஃபைல்தானே? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கோ, உங்க பொண்ணை நீங்க அந்த வேன்ல ஏத்துவேளா?

— ரெண்டாவது வீட்டுக்கு என்ன எழுதினீங்கன்னு உங்களுக்கு ஞாபகமில்ல, எனக்கிருக்கு: 'சொந்தக் குழந்தையை நம்பி விடலாம்.' அதைப் படிச்சிட்டு நானே தூக்கி முன் சீட்டுல உக்கார வச்சேன் சேச்சி. நீங்க படிக்காம மடிச்சுப் போட்ட பேரு ஹிஸானா.