உப்புப் பாக்குற கரண்டி

அட, பையைத் தூக்காதீங்க தம்பி. அடுப்பைச் சரி பண்ணிட்டீங்க, சரி. அது ஒழுங்கா எரிஞ்சுதான்னு, வெந்ததைச் சாப்பிட்டுப் பாத்தாத்தானே தெரியும்? கையைக் கழுவிட்டு உக்காருங்க. அந்த ஸ்டூல்தான். லேசா ஆடும், விழ மாட்டீங்க.

முதல்ல இந்தக் கோழி சூப். ஊதிக் குடிங்க. நல்லாருக்கா? ஐய, அதைச் சொல்லாதீங்க. நல்லாருக்குன்னு சொல்றதுக்கு இந்தத் தெருவே இருக்கு. எனக்கு உப்பைச் சொல்லுங்க. கூடவா, குறைவா? கொஞ்சம் குறையுதா? ம், இப்படிச் சொல்லணும். இதோ ஒரு சிட்டிகை. இப்ப? சரி.

இது மீன் வறுவல், இது கீரை. சொம்புல எலுமிச்சைச் சாறு, இஞ்சி நசுக்கிப் போட்டிருக்கேன். அந்தக் கிண்ணத்துல பாலும் முட்டையும் அடிச்சு ஊத்தின புட்டிங், அதைக் கடைசியாப் பாப்போம். எத்தனை பேரு விருந்தாளியா? ஒரே ஆளுதான். நீங்க சாப்பிடுங்க.

நானே ருசி பாக்கலாமேன்னு நெனைக்கிறீங்க. பாத்தா எனக்குத் தெரியாது தம்பி. போன மழைக்கு முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சு. போகும்போது என் நாக்கையும் மூக்கையும் கையோட கூட்டிட்டுப் போயிருச்சு. காபி வெறும் வெந்நியா இருக்குன்னு பால்காரர்கிட்ட சண்டைக்கு நின்னேன். பாவம், அந்த மனுஷன் அழாத குறை. யார்கிட்டயும் சொல்லிராதீங்க. இன்னும் இங்க எனக்குக் கைப்பக்குவக்காரின்னுதான் பேரு.

அந்தப் பேரைக் காப்பாத்தினது எங்க வீட்டுக்காரரு. தண்ணி குடிக்கக்கூட அடுப்படிக்குள்ள வராத மனுஷன், அன்னையிலேர்ந்து கரண்டியோட பக்கத்துல வந்து நின்னுட்டாரு. பஸ் கண்டக்டரா இருந்தவரு. விசில் ஒண்ணுன்னா நிறுத்து, ரெண்டுன்னா போகலாம், இல்லையா? அதே கணக்குதான். சட்டி விளிம்புல கரண்டியால ஒருவாட்டி தட்டினா, சரியா இருக்கு, நிறுத்து. ரெண்டு தட்டினா, இன்னும் கொஞ்சம் போடு. முன்னறையில சொந்தபந்தம் உக்காந்திருந்தாலும் ஒருத்தருக்கும் புரியாது. ஒருவாட்டி அவரு கடைக்குப் போன நேரத்துல நான் புட்டிங்ல சர்க்கரைன்னு நெனைச்சு உப்பைக் கொட்டிட்டேன். பரிமாறப் போகும்போது வந்து ஒரு வாய் பாத்தாரு. முகம் மாறல. அடடா, இதுல பூனை வாய் வெச்சிருச்சேன்னு கிண்ணத்தோட தூக்கிட்டுப் போயிட்டாரு. எங்க வீட்டுல ஏது பூனை? சிரிங்க, சிரிங்க. நானும் அன்னிக்கு அழுதுகிட்டே சிரிச்சேன்.

அவரா? எங்கயும் போகல. அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் படுத்திருக்காரு. காலையிலதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்தேன். இனி வீட்டுலயே வெச்சுக்கங்கம்மா, புடிச்சதெல்லாம் செஞ்சு குடுங்கன்னு டாக்டர் சொன்னாரு. சொல்லும்போது என் முகத்தைப் பாக்கல. அதான் அவருக்குப் புடிச்சது ஒண்ணு விடாம ஏத்தினேன். பாதியில அடுப்பு அணைஞ்சு போச்சு, உங்களைக் கூப்பிட்டேன்.

இதுல ஒவ்வொண்ணுலயும் ஒரு கரண்டி உள்ள இறங்கினாலே பெருசு. அந்த ஒரு கரண்டியும் தப்பாப் போயிருமோன்னு பயமா இருக்கு தம்பி. அவரைக் கேட்டுப் பிரயோசனமில்ல, இப்ப எதைக் குடுத்தாலும் தலையை ஆட்டுறாரு. கரண்டியைப் புடிக்கக் கையில தெம்பும் இல்ல.

புட்டிங்கைப் பாருங்க. இனிப்புத்தானே? நெசமா? சூப்பும் சரியாயிருச்சுல்ல? அப்ப எனக்காக ஒண்ணு செய்யுங்க. இந்தாங்க, கரண்டி. அந்தச் சட்டி விளிம்புல ஒருவாட்டி தட்டுங்க. கொஞ்சம் அழுத்தி. அவருக்குக் கேக்கணும்.