மல்கா ஓடையின் ஊற்று

ஒரு வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டால் மனிதர்கள் செய்யும் முதல் காரியம், அதன் பக்கத்தில் போய் நின்றுகொள்வது. எதற்கு என்று கேட்டால் தெரியாது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சக்கரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள். இதை ஒருவர் மாற்ற வேண்டியிருந்தது, சார்ஜெண்ட். இந்த ஊரில் அந்த ஒருவன் நான்தான்.

நீங்கள் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர், அதனால் சொல்கிறேன். ஓடைக்கு இந்தப் பக்கம் மாவிஸின் பப், கேரவன்கள் நிற்கும் மைதானம், விமான ஓடுதளம். அந்தப் பக்கம் மாட்டுப் பண்ணைகள். நடுவில், பாதை ஓடையைக் கடக்கும் இடத்தில், கரிசல் மண். காய்ந்து கிடந்தால் சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும். ஈரம் பட்டால் யானையைக்கூட மென்று விழுங்கிவிட்டு ஏப்பம் விடும்.

நான் ஓய்வு பெற்று, வண்டியின் முன்னால் வின்ச்சை, மோட்டாரால் இரும்பு வடத்தைச் சுற்றி இழுக்கும் உருளையை, பூட்டிக்கொண்டு இங்கே வந்த வருடம் பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. ஓடையில் ஒரு பல் டாக்டரின் கேரவன் அச்சு வரை இறங்கிவிட்டது. இழுத்துப் போட்டேன். முதலில் என் வண்டியின் பின்புறத்தை நைலான் பட்டையால் தைல மரத்தின் அடியில் கட்டினேன். இல்லாவிட்டால் அவர் வெளியே வருவதற்குப் பதில் நான் உள்ளே போயிருப்பேன். கையுறை போட்டேன். உருளையில் சில சுற்றுகள் மிச்சம் வைத்துத்தான் வடத்தை நீட்டினேன். வடத்தின் நடுவில் ஈரக் கம்பளியைப் போர்த்தினேன். அறுந்தால் துள்ளாமல் அது அமுக்கிவிடும். என்ஜின் மூடியைத் தூக்கிக் கண்ணாடியை மறைத்தேன். பிறகு கூட்டத்தைப் பார்த்து, இந்த வடம் அறுந்தால் உங்கள் தொப்பி டார்வின் நகரத்தில் போய் விழும், உள்ளே தலை இருக்கும் என்றேன். ஒரே ஓட்டமாக மேட்டுக்கு ஓடினார்கள். கேரவன் வெளியே வந்ததும் கை தட்டினார்கள், பாருங்கள், பாறையில் இருந்த கங்காருகூடத் தட்டியிருக்கும். அன்று பப்பில் நான் நுழைந்ததும் மாவிஸ், "வழி விடுங்கப்பா, மாப்பிள்ளை வந்தாச்சு" என்றாள்.

என் மனைவி போன பிறகு, நான் உள்ளே நுழைந்ததற்காக யாரும் எழுந்து நின்றதில்லை.

மழை அதோடு நின்றுவிட்டது. தரை காய்ந்தது. கேரவன்கள் தூசியைக் கிளப்பிக்கொண்டு ஜாலியாகக் கடந்து போயின. அந்தத் தூசி நல்லதல்ல. ஆஸ்துமாக்காரர்கள் எத்தனை பேர் வருகிறார்கள். என்னிடம் சிறிய பெட்ரோல் பம்பு ஒன்று இருந்தது, குட்டையில் தண்ணீரும் இருந்தது. காலையில் நடக்கப் போகும்போது கொஞ்சம் தெளித்தேன். தூசி அடங்கட்டும் என்றுதான். அடங்கியது. கூடவே, அன்றே இரண்டு வண்டிகள் சேற்றில் அடங்கின.

அதன் பிறகு நாங்கள் எல்லோருமே நன்றாக இருந்தோம். மாட்டிக்கொண்டவர்கள் பப்பில் இரண்டு நாள் தங்கினார்கள். மாவிஸ் புதிய குளிர்பெட்டி வாங்கினாள். பாதுகாப்பாக இழுப்பது எப்படி என்று மாநிலம் முழுவதிலிருந்தும் வந்தவர்கள் என்னிடம் கற்றுக்கொண்டு போனார்கள். கிழவர்கள் நாற்காலியை மடக்கிக் கொண்டுவந்து, வடத்தின் நீளத்துக்கு அப்பால், நான் சொன்ன இடத்தில் வரிசையாக உட்காருவார்கள். இழுக்கும்போது சைகை காட்டுபவன் ஒருவன்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். என் கை உயர்ந்தால் ஈ ஓட்டக்கூட ஒருவரும் கையைத் தூக்க மாட்டார்கள்.

சந்தேகப்பட்டவள் லீஆன் மட்டும். நகராட்சியில் மண் பாதையைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டி ஓட்டுகிறாளே, அவள்தான். சேற்றின் ஓரம் கிரேடரை நிறுத்தி இறங்கி வந்தாள்.

"பெருசு, மழை பேஞ்சு மாசக்கணக்காச்சு. என் முதுகு வேர்வைகூட காஞ்சு போச்சு. இங்க மட்டும் எப்படி சொதசொதன்னு கெடக்கு?"

"ஊத்து, லீஆன். பூமிக்கு அடியில பெரிய ஊத்து."

"உங்க வாயில ஊறுறதைவிடப் பெருசா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் நகராட்சி ஊற்றைத்தான் நம்பியது. 'ஊற்று நீர், கவனம்' என்று பலகை நட்டார்கள். அந்தப் பலகைக்கு முன்னால் நின்று ஒரு ஜெர்மன் தம்பதி படம் எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு மகிழ்ச்சியைக் கொஞ்சம் தண்ணீரால் கொடுக்க முடியுமென்றால், கொடுக்காமல் இருப்பதுதான் கஞ்சத்தனம்.

வாலஸ் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்பதே அதைத்தான்.

அவன் அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரன். நல்ல மனிதன், சீட்டாட்டத்தில் மட்டும் ஏமாற்றுவான். அன்று காலை நெஞ்சுவலி. அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பறக்கும் டாக்டரின் விமானம் இந்தப் பக்கத்து ஓடுதளத்தில் இறங்கிக் காத்திருந்தது. அவன் மனைவி நோரீன் அவனைப் பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டு பறந்து வந்தாள். வந்த வேகத்தில் ஊற்றில் இறங்கிவிட்டாள்.

நான் அங்கேதான் இருந்தேன். ஒரு படியையும் விடவில்லை. பட்டை, கையுறை, கம்பளி எல்லாம் முறைப்படி. அன்று கேரவன்காரர்கள் புதியவர்கள் என்பதால், ஒவ்வொன்றும் எதற்கு என்றும் சொன்னேன். தொப்பி டார்வினுக்குப் போகும் கதையையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

கூட்டத்தில் ஹில்டா என்று ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தி. வடம் விறைத்த பிறகு மேட்டிலிருந்து கத்தினாள்.

"அவரைத் தூக்கிட்டு வந்துடலாங்க. நாலு பேர் போதும். என் கார் இங்கதான் நிக்குது."

நான் கையை உயர்த்தினேன். நான்கு பேர் எழுந்திருந்தார்கள். நான்கு பேரும் உட்கார்ந்தார்கள்.

வடம் விறைத்திருக்கும்போது யாரும் குறுக்கே போகக் கூடாது, சார்ஜெண்ட். எந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாலும் இருக்கும். நோரீன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"டெஸ், வடத்தைத் தளர்த்திடு. இவருக்கு மூச்சு முட்டுது. அவங்க வந்து தூக்கட்டும்."

"பதற்றப்பட்டாதான் ஆபத்து, நோரீன். நான் இருக்கேன்ல."

தளர்த்தியிருக்கலாம். ஒரு பொத்தான்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். வின்ச் வைத்திருக்கிற ஒருவன் எதிரில் நிற்கும்போது ஆளைக் கையால் தூக்கிக்கொண்டு போனால், பிறகு அந்த வின்ச் எதற்கு? இத்தனை பேர் எதற்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்? நடுவில் மோட்டாரும் சூடாகிவிட்டது. சூடானால் ஆறவிட வேண்டும், விட்டேன். ஆறும் நேரத்தில் கொக்கியை எங்கே மாட்ட வேண்டும், எங்கே மாட்டக் கூடாது என்று கூட்டத்துக்கு விளக்கினேன்.

வண்டி அழகாக வெளியே வந்தது. பின்வரிசையில் யாரோ கை தட்ட ஆரம்பித்து, நிறுத்திவிட்டார்கள். ஹில்டா உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்புறம் வாலஸின் தொப்பியை எடுத்து அவன் முகத்தின் மேல் வைத்தாள்.

வடத்தால் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு பம்பை நான் தொடவில்லை. ஊற்று வற்றிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், வாலஸுக்காகப் பூமியே துக்கம் காக்கிறதாம். அடக்கம் அவனுடைய பண்ணையில், அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில். அப்படியென்றால் சவ ஊர்தி ஓடையைக் கடக்க வேண்டும். நகரத்திலிருந்து வரும் நீளமான கறுப்புக் கார், வயிறு தரையில் உரசும். பின்னால் ஊரே வரும். தூசி எப்படிப் பறக்கும், நினைத்துப் பாருங்கள். பெட்டி மேல், பூ மேல், நோரீனின் கறுப்பு உடை மேல்.

ஆமாம், அன்று காலை தெளித்தேன். நிறையவே தெளித்தேன். லீஆன் பார்த்ததாகச் சொன்னது உண்மைதான். அடக்கம் முடியட்டும் என்று உங்களிடம் வராமல் காத்திருந்தாளாம். மரியாதை தெரிந்த பெண். அதற்கு முந்தைய தண்ணீரும் நான் ஊற்றியதுதான், வாலஸ் வந்த காலை ஊற்றியதும் சேர்த்து. எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் அன்று என் வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சவ ஊர்தி அச்சு வரை இறங்கிவிட்டது. ஊர் முழுவதையும் மேட்டு நிழலில் இரண்டு வரிசையாக நிறுத்தினேன். பாதிரியாரைக்கூட நான்கு அடி பின்னால் தள்ளி நிற்கச் சொன்னேன், நின்றார். கம்பளி புதுசு. கார் அங்குலம் அங்குலமாக வந்தது, பெட்டியின் மேலிருந்த ஒரு பூகூடச் சரியவில்லை. அவ்வளவு பெரிய கூட்டம் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை, அவ்வளவு அமைதியாகவும் யாரும் என்னைப் பார்த்ததில்லை. நோரீன் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நீங்களே சொல்லுங்கள், சார்ஜெண்ட். நான் மட்டும் அங்கே இல்லையென்றால், வாலஸ் எப்படி வீடு போய்ச் சேர்ந்திருப்பான்?