பிரேக் குழாய்களின் காவலர் லல்லா நஸீஹாவுக்கு

பிசெர்த் நகரின் பிரேக் குழாய்த் தொழிற்சாலையில் பிழைக்கும் பசப்புக்கும் பிடிகொடாத பெருமாட்டியே! குறையைக் குறையென்று கூறக் கூசாத கண்ணே! தரப் பரிசோதனைப் பிரிவின் தலைவி லல்லா நஸீஹா கர்சல்லி அவர்களே!

நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் உங்களைப் பாராட்டத்தான் கூடியிருக்கிறோம். ஆனால் வயிறு பற்றி எரிகிறது.

‘நுணுக்கமும் துல்லியமும் உள்ளோர்க்கு ஏற்ற வேலை’ என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிறது இந்த நிர்வாகம். அதை நம்பி உள்ளே வந்தவர் நீங்கள். வாசலைத் தாண்டும்வரை அதற்குத் துல்லியம் என்று பெயர். தாண்டியபின் அதற்கே முசுட்டுத்தனம் என்று பெயர்! குழாய் முனையின் வளையம் சரியாக இறுகவில்லை என்றால் விரல் நுனியிலேயே கண்டுகொள்வீர்கள். அழுத்தம் கொடுத்துச் சோதித்து, ஐயம் அறவே அகன்ற பிறகே உங்கள் எஃகு முத்திரை அதன்மேல் பதியும். சரக்கு தாமதமானால் சண்டை. சண்டைக்கு நீங்களும் சளைத்தவர் இல்லை. உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் இங்கே யாருமில்லை, இந்த மடலை எழுதிய நாங்கள் உட்பட. ரமலான் மாதப் பிற்பகல்களில் உங்கள் மேசைப் பக்கம் வரவே பயந்திருக்கிறோம்.

சென்ற மாதம் சோதனைக்கு வந்த சரக்கில் வளையங்கள் தளர்ந்திருப்பதைக் கண்டு நிறுத்திவைத்தீர்கள். இதோ, மேடையில் புன்னகையோடு அமர்ந்திருக்கும் உற்பத்தி மேலாளர் சி லுத்ஃபி அன்று உங்களிடம் ஓடி வந்தார்.

“ஒரு மயிரிழைதான லல்லா, யாரு பாக்கப்போறா?”

“நான் பாத்துட்டேனே! இத மாட்டின வண்டியில உங்க வீட்டு ஆளுங்கள ஏத்தி, அய்ன் த்ராஹம் மலையிலேருந்து எறக்கிக் காட்டுங்க சி லுத்ஃபி. அப்புறம் பேசலாம்.”

அந்த மலைச்சரிவில் எங்கள் பிள்ளைகளும்தான் போகிறார்கள். சரக்கு இன்னும் கிடங்கில், சிவப்புச் சீட்டோடு கிடக்கிறது.

இப்போது நடக்கும் அநியாயத்தைச் சபை கேட்கட்டும்! பரிசோதகர் விலகும் நாளில் அவருடைய முத்திரையைப் பட்டறைக்கல்லில் வைத்து உடைத்துவிடுவது நம் வழக்கம். ஒருவர் முத்திரையை இன்னொருவர் பதிக்கக் கூடாது. நேற்று சி லுத்ஃபி உங்களிடம் என்ன கேட்டார்?

“முத்திரைய மட்டும் வெச்சுட்டுப் போங்க லல்லா. கண்ணாடிப் பெட்டியில போட்டு ஆபீசுல ஞாபகார்த்தமா வைக்கிறோம்.”

என்ன பாசம்! உங்கள் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவருக்குத் திடீரென்று உங்கள் ஞாபகம் தேவைப்படுகிறதாம். யாருக்குக் காது குத்துகிறீர்கள், ஐயா? லல்லா படியிறங்கிய மறுநாளே அந்தப் பெட்டி திறக்கும். தளர்ந்த குழாய்களின்மேல் அவர் முத்திரை விழும். எங்காவது ஒரு வண்டி கவிழ்ந்தால் பழி முழுவதும் அவர் தலையில் விடியும்.

நீங்கள் முத்திரையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டீர்கள் என்று அறிந்தோம். நல்லது செய்தீர்கள், லல்லா.

உங்கள் முன்னால் மேசையில் துணி போர்த்தி வைத்திருப்பது கேக் இல்லை. பட்டறைக்கல்லும் சம்மட்டியும். மல்லிகைச் செண்டும் பலகாரமும் பிறகு வரும். நெடிய ஆயுளும் நிறைந்த நலமும் நிம்மதியான உறக்கமும் உங்களுக்கு வாய்க்க வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறோம். அந்த உறக்கத்துக்கு ஒரே ஓர் அடி பாக்கியிருக்கிறது. எழுந்து வாருங்கள். சி லுத்ஃபி பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

ஓங்கி அடியுங்கள்!

இங்ஙனம்,
அந்தச் சரக்கை வண்டியில் ஏற்ற மறுக்கும்
உங்கள் தொழிலாளர்கள்