இரிக்கி பக்கம் போற கோடு

இல்லண்ணே, மேப்ப மடிச்சுப் பையில வைங்க. வேணாம்னு சொல்லல, அது பாட்டுக்கு இருக்கட்டும். ஓட்டுறப்ப பைக்கு கைப்பிடியில மாட்டியிருக்கேன்ல, இந்த ஜிபிஎஸ்ஸப் பாத்து ஓட்டுங்க. அது காட்டுற கோட்ட விட்டு விலகாம போங்க. அவ்ளோதான் கேக்கறேன்.

டீ ஆறுது, குடிங்க. சக்கரை தூக்கலா? காசாபிளாங்காக்காரங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்க.

தெரியுது, முப்பது வருஷமா மேப்ப வச்சே மொரோக்கோ முழுக்கச் சுத்தியிருக்கீங்க. அட்லஸ் மலையில அது சரி. மலை எங்க எந்திரிச்சுப் போயிடப் போகுது? இது பாலைவனம்ணே. உங்க மேப்புல நம்ம ம்ஹமீதுலேருந்து ஃபூம் ஸ்கிது ஊருக்கு ஒத்தக் கோடு இருக்கு. தரையில போய்ப் பாருங்க, நாப்பது தடம் கெடக்கும். காத்தடிச்சா அதுவும் அழிஞ்சுடும். அந்தக் காத்துல மேப்ப விரிச்சுப் பாத்திருக்கீங்களா? ரெண்டு ஆளு புடிக்கணும்.

இருங்க, செயினு தொங்குற மாதிரி இருக்கு, இறுக்கிடறேன். ஆமா, இப்பதான் இறுக்கினேன். சும்மா நிக்க முடியல, அதான்.

இரிக்கி ஏரிப் பக்கமாப் போறது சுத்துதான், ஒத்துக்கறேன். நேராப் போறத விட அறுபது கிலோமீட்டர் கூட. டேங்க ரொப்பிட்டேன், பின்னாடி ஒரு கேனும் கட்டியிருக்கேன். தரை கெட்டியான தரை, முந்தாநேத்துதான் கொஞ்ச தூரம் போய்ப் பாத்துட்டு வந்தேன்.

இல்ல, மசூதி, கோட்டைனு அங்க ஒண்ணும் கெடையாது. கேட்டா, ஏரி அழகா இருக்கும்னு வெள்ளக்காரங்ககிட்ட சொல்லுவேன். இரிக்கியில தண்ணி வத்தி எத்தனை காலமாச்சு. வெறும் கல்லுதான். உங்ககிட்ட அந்தப் பொய்யச் சொல்ல வரல.

என் தம்பி பாஸூண்ணே. ஆறு இத்தாலிக்காரங்கள பைக்குல அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனான். நடுவுல மணல் காத்து கெளம்பிருச்சு, ஒருத்தரு பின்தங்கிட்டாரு. கையில இருந்த ஒரே ஜிபிஎஸ்ஸ மத்தவங்ககிட்ட குடுத்து, இதப் பாத்து ஊருக்குப் போங்கன்னுட்டு, மேப்பும் கையுமா இவன் திரும்பிப் போனான். அவங்க வந்துட்டாங்க. பின்தங்கினவரும் எப்படியோ ரோட்டப் புடிச்சு வந்துட்டாரு. இவன் வரல.

அஞ்சு வருஷமாகுது. பதினோரு நாள் தேடிட்டு விட்டுட்டாங்க. நான் ரெண்டு மாசம் தேடினேன். தனி ஆளு எவ்ளோண்ணே பாப்பான்? அப்புறம்தான் இந்த வாடகைக் கடையப் போட்டேன். கருவியில கோடு போட்டுத் தரது நான்தான். ஒவ்வொரு ஆளுக்கும் போன ஆளு போன கோட்டுலேருந்து அரை கிலோமீட்டர் தள்ளிப் போடறேன். அவங்க படம் புடிச்சுட்டு வருவாங்க, நான் பாக்கறேன்னு வாங்கி, ஒண்ணொண்ணாப் பாப்பேன்.

யார்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னா எவனாச்சும் வண்டி எடுப்பானா? நீங்க எடுக்கலன்னாலும் சரிதான்.

அப்ப போறீங்களா? மெதுவாப் போங்கண்ணே. உங்க கோட்டுல இன்னும் ஒருத்தரும் போகல. பாஸூ ஓட்டிட்டுப் போனது நீல வண்டி.